எல்லாருக்கும் இடது பக்கம்

"இதுல பயப்பட ஒண்ணுமே இல்லைம்மா. உங்க இனத்தோட அமைப்பே இதுதான்" என்றார் டாக்டர் உலகநாதன், மதரஸா கூடத்தில் கட்டியிருந்த திரையைப் பார்த்து.

திரைக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்த அந்தக் கடற்கரை ஊருக்கு, போன வாரம் மெட்ராசிலிருந்து மார்பு எக்ஸ்ரே வண்டி வந்திருந்தது. புற்றுநோய் இருந்தால் முளையிலேயே காட்டிவிடுமாம். வீட்டுக்கு ஒரு பெண் போயே தீர வேண்டும் என்று ஜமாத் தலைவர் பஷீருதீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்று முடிவு சொல்லும் நாள்.

டாக்டர் மேல்நாட்டில் படித்தவர். அது யாருக்கும் மறந்துவிடாதபடி பேசினார். எந்தப் பெண்ணுக்கும் இரண்டு மார்பும் ஒரே அளவில் இருக்காதாம். திருக்கழுக்குன்றத்திலும் கல்பாக்கத்திலும் எடுத்த படங்களில் ஆளுக்கு ஒரு மாதிரி, வயதுக்கு ஒரு மாதிரி. இந்த ஊர் முஸ்லிம் பெண்களுக்கோ வயது வித்தியாசமே இல்லை. குமரிக்கும் கிழவிக்கும் இடது பக்கம்தான் பெரிது. அதிலும் எல்லார் படத்திலும் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. உலகத்தில் எவனும் கண்டுபிடிக்காத இந்த இன அதிசயத்தை, எழுபத்தாறாம் வருஷம் முடிவதற்குள் லண்டன் மாநாட்டில் வாசிக்கப் போகிறார்.

பஷீருதீன் தானே லண்டனுக்குக் கிளம்புவதுபோல் தாடியை நீவிக்கொண்டார். அவருடைய மனைவி ஃபக்ருன்னிசாவின் படமும் அந்தப் படங்களில் ஒன்றாயிற்றே!

திரைக்குப் பின்னாலிருந்து ராபியாவின் குரல் வந்தது. மீன் ஏலத்தில் ஆண்களையே வாயடைக்க வைக்கிற குரல். இன்று நடுங்கியது.

"டாக்டரய்யா, அந்தத் திட்டு ஒருத்திக்கு மட்டும் இருந்தா இன்னா அர்த்தம்?"

"ஒருத்திக்கு மட்டும்னா நான் இங்க நின்னு பேசிக்கிட்டா இருப்பேன்? அந்தம்மாவ இந்நேரம் ஆபரேஷனுக்குக் கொண்டு போயிருப்பேன். அது புற்றேதான். ஊருக்கே இருக்கறதனாலதான் இயற்கைன்னு சொல்றேன்."

"கேட்டுகினியா ராபியா? சும்மா பேஜாரு பண்ணாத" என்றார் பஷீருதீன். ஆண்கள் சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. ஃபக்ருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த சுராயா, ராபியாவின் கையைப் பிடித்தாள்.

"சொல்லிடுக்கா. எங்க வூட்டுக்காரங்க அடிச்சாலும் அடிக்கட்டும்."

வண்டிக்குள் ரவிக்கையை அவிழ்க்க வெட்கப்பட்டு அழுத அத்தனை பெண்களுக்கும் பதிலாக, முகத்தை மூடிக்கொண்டு, தடவைக்கு ஒரு பெயர் சொல்லி, வாரம் பூராவும் அந்த வண்டியில் ஏறி இறங்கியவள் ராபியா ஒருத்திதான்.