இருநூற்று முப்பது வோல்ட்

"இன்னைக்கு எத்தனை மணி வரைக்கும் ஓடுமுங்க தம்பி?"

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார் பக்கத்து வீட்டு சாமுவேல். ஐந்து நாளில் இது எட்டாவது தடவை. சசிதருக்குச் சுருக்கென்றது.

"எதுங்க ஓடறது?"

"மாடில மெஷின் சத்தம் கேக்குதுங்களே, அதானுங்க."

"அதைத் தெரிஞ்சு நீங்க என்னங்க பண்ணப்போறீங்க?"

"சும்மாதானுங்க. தெரிஞ்சா நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துக்குவோம்."

சும்மாவாம்! ஓடுகிற நேரம், நிற்கிற நேரம் எல்லாம் கேட்கிற மனுஷன் சும்மா கேட்பாரா? மார்கழிக் குளிரில் கையில் ஒரு பிளாஸ்டிக் விசிறி வேறு. மெஷினுக்கு விசிறிவிட வந்திருக்கிறார் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு சசிதர் உள்ளே போனான்.

மாடியறையில் இருந்தது கிரிப்டோ காயின் எடுக்கும் மெஷின். இரும்பு ராக்கில் பன்னிரண்டு கிராபிக்ஸ் கார்டுகள், சுற்றிலும் ஃபேன்கள். வீட்டு கனெக்ஷனில் இத்தனை பெரிய மெஷின் ஓட்டுவது மின்வாரியத்துக்குத் தெரிந்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

"அந்தாளு நேரம் குறிச்சுக்கிட்டுப் போய்ப் பெட்டிஷன் போடப்போறாரு, பாத்துக்க" என்றான் மனைவி ராமாமணியிடம்.

"சாமுவேலண்ணனா? எறும்புக்குக்கூட வழிவிட்டுத் தாண்டறவருங்க அவரு."

"நீ சும்மா இரு."

அவன் பயம் அவனுக்கு. பதினொரு மணிக்குப் பவானியிலிருந்து கிருபாசங்கர் வருகிறார். மெஷினை மொத்தமாக வாங்கிக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: கண் முன்னால் ஒரு மணி நேரம், முழு வேகத்தில், நிற்காமல் ஓட வேண்டும். இதை விற்றுவிட்டு சிங்காநல்லூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போடுவதாக ராமாமணியிடம் சத்தியம் செய்திருந்தான் சசிதர். போன வாரம் பார்க்க வந்த வேறொருவர் எதிரிலேயே மெஷின் நின்று மானத்தை வாங்கியது. அவர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

முதலில் சூடுதான் காரணம் என்று நினைத்தான். தூசி ஊதினான், கார்டுகளுக்குச் சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்றினான், ஜன்னலில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினான். கார்டுகள் எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. ஆனாலும் வேகத்தை ஏற்றினால் பத்தே நிமிடத்தில் மெஷின் படுத்துவிடும்.

நேற்றுதான் மீட்டர் வைத்துப் பார்த்தான். சூடெல்லாம் இல்லை, வோல்டேஜ்! வேகம் ஏற ஏற, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வரும் லைனில் நூற்று எண்பது, நூற்று எழுபது என்று இறங்கிக்கொண்டே போனது. விடுவானா? காலையில் தெரிந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கிவந்து மெஷினுக்கு மட்டும் மாட்டினான். லைனில் எவ்வளவு குறைந்தாலும் அது இழுத்துப் பிடித்து இருநூற்று முப்பது கொடுத்துவிடும்.

கிருபாசங்கர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்காலியைப் போட்டு ராக்குக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். "ஆரம்பிங்க" என்று வாட்ச்சைப் பார்த்தார்.

சசிதர் வேகத்தை முழுசாக ஏற்றினான். ஃபேன்கள் கதறின. ஸ்டெபிலைசர் முள் ஒரு தடவை நடுங்கிவிட்டு இருநூற்று முப்பதில் நின்றது. பத்து நிமிடம் தாண்டியது, இருபது தாண்டியது. அவனுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"ஏனுங்க, மிக்ஸி சுத்த மாட்டீங்குது!" கீழேயிருந்து ராமாமணி கத்தினாள்.

"அம்மில அரைச்சுக்க!"

நாற்பதாவது நிமிடம் அவள் மாடிப்படியில் நின்று தலையை நீட்டினாள். "சாமுவேலண்ணன் வாசல் கேட் பக்கத்துல வந்து நிக்கறாருங்க. உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

"தனியாத்தான் நிக்கறாரு. மூஞ்சியே சரியில்லீங்க."

"ஊட்ல இல்லைன்னு சொல்லி அனுப்பு."

கிருபாசங்கர் திரும்பிப் பார்த்தார். "ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"ஒண்ணுமில்லீங்க, பக்கத்து ஊட்டுக்காரரு." சிரித்துச் சமாளித்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ராமாமணி "அண்ணா, இருங்கண்ணா" என்று சொல்லச் சொல்ல சாமுவேல் மேலே ஏறி வந்துவிட்டார். எட்டு வருஷத்தில் அவர் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. காலில் செருப்பில்லை, சட்டைப் பொத்தான் போடவில்லை, நெற்றியில் வியர்வை ஓடியது.

சசிதருக்குக் கோபம் தலைக்கேறியது. அவருக்குப் பின்னால் யாராவது அதிகாரி ஏறி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தான். யாருமில்லை.

"எட்டே எட்டு நிமிஷம்! அது பொறுக்கலீங்களா உங்களுக்கு? யார்கிட்ட வேணா போய் எழுதிக் குடுங்க. இப்பக் கீழ எறங்குங்க!"

சாமுவேல் இரண்டு கையையும் கூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி, சிரமமில்லீன்னா இதைச் சித்த நிறுத்துவீங்களா... ஊட்டுக்காரிக்கு வெச்சிருக்கற ஆக்சிஜன் மெஷின் நின்னுபோச்சுங்க."