கொஞ்சம் சரித்து

போர்ச் செய்தியாளர் சகாயநாதனின் கதையை சினிமாவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். காணாமல்போன மகனின் கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடிகை அழுதாள். சகாயநாதனாக நடித்தவன் கேமராவை இறக்கிவிட்டு அவள் கையைப் பற்றினான்.

ஓரமாக, நிஜச் சகாயநாதனின் பக்கத்து நாற்காலியில் இருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த யோகமலர் எழுந்து வந்தாள். உண்மையில் அந்த மகனைத் தொலைத்தவள் அவள்தான்.

“பிள்ளை, படத்தைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ. இல்லாட்டி கண்ணாடியில வெளிச்சம் அடிச்சு முகம் கமராவில விழாது.”

“யாரும்மா சொன்னது?” என்றார் இயக்குநர்.

“அண்டைக்கு நான் அழுதுகொண்டிருக்க, படம் எடுக்க வந்த இந்தத் தம்பிதான் சொன்னவர். பிறகு ஆர் வந்தாலும் அப்பிடித்தான் பிடிக்கிறனான்.”

அவள் கை காட்டிய பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். நாற்காலியில் இருந்த சகாயநாதனின் முகத்தில் விளக்கு வெளிச்சம் நேராக அடித்தது. எந்தப் பக்கம் சரிவதென்று அவருக்குத் தெரியவில்லை.