பார்க்கிங் அம்மன்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு பழைய கல் நின்றது. யாரோ மஞ்சள் பூசியதும் அது அம்மனானது. பீடம் கட்டும்போது, கல்லுக்கு அடியிலிருந்த துவாரத்தைச் சிமெண்டால் அடைக்கச் சொன்னார் சங்கச் செயலாளர் தணிகாசலம்.

"சார், இது ஏரி மதகு. முன்னாடி தண்ணி இது வழியாத்தான் வெளியே போயிருக்கு," என்றாள் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வரலாற்று மாணவி பூங்கோதை.

"ஏரியே இல்ல. பழசைத் தெரிஞ்சு இப்ப என்னம்மா ஆகப்போகுது?"

ஐப்பசி மழையில் கார்கள் பாதி மூழ்கின. தண்ணீர் வடியவில்லை. தணிகாசலம் இடுப்பளவு நீரில் நின்று அம்மனுக்குக் கற்பூரம் காட்டினார்.

"தாயே, தண்ணி போக ஒரு வழி காட்டு."

பூங்கோதை கடப்பாரையுடன் படியிறங்கி வந்தாள். குடியிருப்பவர்கள் எல்லோரும் கைகோத்து அம்மனை மறைத்து நின்றார்கள்.