எண்பத்தேழாம் எண்

ஜுஃப்ரி எழுந்து தொழுதான். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தான். மழைச்சட்டையை உதறி மடித்து, மார்க்கர் பேனாவையும் ஒரு பழைய துணியையும் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் மனைவி ஹஸ்னிதா அதற்குள் பூப்போட்ட பாஜு குரோங் உடுத்தித் தயாராக இருந்தாள். பெந்தோங்கில் அக்கா வீட்டு விருந்து, சமையலுக்கு ஆள் பற்றாது என்றிருந்தாள். காலையில் ஒரு பிஸ்கட்டுக்கு மேல் தொடாதவள், அன்று இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டாள்.

“அக்கா வீட்டுல சோறு போடமாட்டாங்களா?” என்றான்.

“போடுவாங்க. மூட்டை வெங்காயத்தையும் உரிச்ச பிறகு.”

சுவரில் அவளுடைய சைக்கிள் தொங்கியது, முன்சக்கரம் இல்லாமல். நோன்பு மாதத்துக்கு முன்பு விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அப்படித்தான். இன்னொரு அடி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கரத்தைக் கழற்றியது ஜுஃப்ரி. சில நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சரி என்றாள்.

அவளுக்கு முன்னால் அவன் கிளம்பினான்.

மலைச்சைக்கிள் போட்டி ரவுப் செம்பனைத் தோட்டத்துக்குள். ஆற்றுப்பாலத்துக்கு முன்னால், தார்ப்பாயின் கீழே இருந்த மூன்றாம் சாவடி ஜுஃப்ரியின் பொறுப்பு. வருகிறவர்களின் எண் அட்டையில் மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இல்லாதவர் முடித்தாலும் முடித்ததாகக் கணக்கில்லை.

துணைக்கு கமருல் இருந்தான். மனைவி ஸல்மியாவை இருட்டோடு தொடக்கக் கோட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தான்.

“நீ ஏன்டா ஓட்டல?”

“போன வருஷம் மச்சான் நம்பர்ல ஓட்டினேன். அவனுக்குக் காய்ச்சல். குலுக்கல்ல அந்த நம்பருக்கு ரைஸ் குக்கர் விழுந்துச்சு. சேத்துல புரண்டது நான், சோறாக்கித் தின்னுறது அவன். போதும்டா சாமி.”

மழை விடவில்லை. முன்னால் வந்தவர்களுக்காவது முகம் இருந்தது. பின்னால் வந்தவர்களுக்குச் சேறும் இரண்டு கண்களும் மட்டும்தான். துணியால் அட்டையைத் துடைத்தால்தான் எண்ணே தெரிந்தது.

கடைசிக் கும்பலில் ஒரு மஞ்சள் சட்டை வந்தது.

“வர்றா பாரு என் பொண்டாட்டி,” என்றான் கமருல். “நான் வாங்கிக் கொடுத்த சட்டை. எருமைக்குப் போட்டுவிட்ட மாதிரி ஆக்கியிருக்கா.” கையைக் குவித்துக் கத்தினான். “மகாராணி, மதியத்துக்குள்ள வந்துடுவியா? இல்ல, நான் கடையில சாப்பிட்டுக்கவா?”

அவள் பதில் சொல்லவில்லை. குனிந்தபடி வண்டியை நிறுத்தினாள். ஜுஃப்ரி அட்டையைத் துடைத்தான். எண்பத்தேழு. கோடு போட்டான். அவள் எழுந்து மிதித்துப் பாலத்தைக் கடந்தாள்.

“கோவம்,” என்றான் கமருல். “காலைல கொஞ்சம் கத்திட்டேன்.”

அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லோருக்கும் பின்னால், யாரும் காட்டில் விடுபடாமல் பார்த்துக்கொண்டு வருகிற, லிப்பிஸ் ஊர்க்காரர் ஒருவர். இந்த ஊரில் அவருக்கு யாரும் பழக்கமில்லை. கையசைத்துவிட்டுப் போனார்.

கமருல் தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கியபோது வாக்கிடாக்கி பேசியது.

“மூணு, மூணு. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசு.”

ஜுஃப்ரி ஒரு செம்பனை மரத்துக்குப் பின்னால் போனான்.

“பாலம் தாண்டி இறக்கத்துல ஒரு பொம்பளை விழுந்துட்டாங்க. தலை பாறையில. ஆம்புலன்ஸ் பசங்க போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நம்பர் எண்பத்தேழு. பேர் ஸல்மியா. புருஷன் உன்கூடத்தான் இருக்கானாமே?”

“இருக்கான்.”

“நீயே சொல்லிடு.”

ஜுஃப்ரி அங்கேயே நின்றான். சக்கரத்தைக் கழற்றி வைத்தது நல்லதாகப் போயிற்று என்பதுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டான். பிறகு நடந்தான்.

“கமருல், உட்காரு.”

“எதுக்கு?”

“ஸல்மியா விழுந்துட்டா.”

“அவ என்னிக்கு விழாம வந்திருக்கா?”

கமருல் சிரித்தான். ஜுஃப்ரியின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினான். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைக்குள் அங்கும் இங்கும் நடந்தான். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஜுஃப்ரி பக்கத்தில் குந்தி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். “நான் இருக்கேன்டா,” என்றான்.

“கத்திட்டு வந்துட்டேன் ஜுஃப்ரி. சாகும்போது அதைத்தான் நினைச்சிருப்பா.”

பாலத்தின் மேல் லிப்பிஸ்காரர் திரும்பி வந்துகொண்டிருந்தார். சைக்கிள் இல்லை. சட்டையின் கை இரண்டும் சிவந்திருந்தன.

“அவங்க வீட்டுக்காரர் இங்க இருக்கார்னு சொன்னாங்க,” என்றார்.

ஜுஃப்ரி கமருலைக் காட்டினான். “நீங்கதான் முதல்ல போனீங்களா?”

“மடியில வெச்சிருந்தேன். கொஞ்ச நேரம் உயிர் இருந்துச்சு.”

“ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணே ஒண்ணு. எனக்கு ஒண்ணும் புரியல.” அவர் கமருலைப் பார்த்துத் தயங்கினார்.

“அவன் கேக்கணும்,” என்றான் ஜுஃப்ரி. “மாத்தாம அப்படியே சொல்லுங்க.”

கமருல் தலையை நிமிர்த்தினான். லிப்பிஸ்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“‘ஜுஃப்ரிகிட்ட சொல்லிடாதீங்க, அக்கா வீட்டுல இருக்கேன்னு நினைச்சிட்டிருக்கார்.’”