தனி வாசல்

மாமியார் வீட்டைப் பிரிக்கப் போகிறார் என்ற விஷயம் மருமகளுக்குக் கம்ப்யூட்டர் மூலமாகத்தான் தெரிந்தது.

அன்று அவளுக்கு வார விடுமுறை. நகரத்தின் மறுகோடியில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. மற்ற நாளெல்லாம் நின்றுகொண்டே இருப்பவள், இன்றாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று பார்த்தால், எதிர்வீட்டில் டிரில் போட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

'அனுமதி வாங்கித்தான் இந்த ஆட்டம் ஆடறாங்களா, பார்த்துடலாம்' என்று மாநகராட்சியின் இணையதளத்தைத் திறந்தாள். தெருப் பெயரை அடித்ததும் வரைபடம் விரிந்தது. கட்டட அனுமதி வாங்கிய வீடுகளுக்கு மேலே பச்சைப் புள்ளி. எதிர்வீட்டுக்கு ஒன்று இருந்தது.

இவர்கள் வீட்டுக்கும் ஒன்று!

அமுக்கிப் பார்த்தாள். விண்ணப்பதாரர் இடத்தில் மாமியார் பெயர். 'தெருவைப் பார்த்த முன்னறைக்குத் தனி வாசல், தனிக் கழிப்பறை, தண்ணீர் இணைப்பு. நிலை: அனுமதிக்கப்பட்டது.'

உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏங்க, உங்கம்மா நம்மளத் தனியா வைக்கப் போறாங்க!"

"என்னது? நான் இப்ப லிஃப்டுக்கு மேல நிக்கறேன். அப்புறமா..."

"முதல்ல கீழ இறங்குங்க. முன்னறைக்குத் தனி வாசல், தனி பாத்ரூம். தனி அடுப்பு ஒண்ணுதான் பாக்கி. நேத்து டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க அத்தைன்னு சொன்னேன். அதுக்கு இதுவா?"

"நீ நேத்து சொன்னதுக்கு இன்னிக்கே மாநகராட்சி அனுமதி குடுத்துடுமா?"

"அப்ப ரொம்ப நாளாவே திட்டம் போட்டிருக்காங்க. அது இன்னும் மோசம்!"

மத்தியானம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியாரோ முன்னறையில் டேப்பை வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். "இந்த இடத்துல ஒரு பெரிய கண்ணாடி மாட்டினா எடுப்பா இருக்கும்" என்று மாமனாரிடம் அவர் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது.

'விரட்டறதுதான் விரட்டறாங்க, கண்ணாடி வேற மாட்டிக் குடுத்து விரட்டறாங்களாக்கும்!' என்று பொருமினாள்.

சாயங்காலம் புருஷன் வந்ததும் லேப்டாப்பைக் கொண்டுபோய் ஹாலில் வைத்தாள்.

"அத்தை, இது என்ன?"

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவரின் கோபம் நேராக மாமனார் மேல் பாய்ந்தது.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"நான் மூச்சுக்கூட விடலையே! மாநகராட்சிதான் ஊருக்கே போட்டுக் காட்டுது" என்று மாமனார் பேப்பருக்குப் பின்னால் போனார்.

மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். "அப்ப நெஜந்தான். இந்தத் தனி வாசல் யாருக்கு அத்தை?"

"உனக்குத்தான்."

"பாத்ரூம்?"

"அதுவும் உனக்குத்தான்."

"நாங்க அப்படி என்ன தப்பு பண்ணிட்டோம்?"

"நாங்கன்னு ஏன் சொல்றே? அவனுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. நீ மட்டும்தான்."

மகன் துள்ளி எழுந்தான். "அம்மா! எங்க ரெண்டு பேரையுமே பிரிக்கறியா?"

"கத்தாதேடா. அதுலயே நிலப் பயன்பாடுன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதைத் தட்டு. அந்த அனுமதியும் கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். ஆசை காட்டிட்டு, அப்புறம் இல்லைன்னு ஆயிட்டா இவ மனசு என்ன பாடுபடும்?"

அவன் தட்டினான். சத்தமாகப் படித்தான்.

"வீட்டின் முன்னறையை... குடியிருப்பிலிருந்து தொழில் பயன்பாட்டுக்கு மாற்றுதல். தொழில்... அழகு நிலையம். நடத்துபவர்..." நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். "உன் பேர்தான் போட்டிருக்கு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நிலை என்னடா? அதைப் படிக்காம நிறுத்திட்டியே!" மாமியார் மகனின் தோளை உலுக்கினார்.

"அனுமதிக்கப்பட்டது. இன்னிக்குத்தான் போட்டிருக்காங்க!"

"வந்துடுச்சா!" மாமியார் சின்னப் பெண்ணைப் போலக் கைதட்டினார். மாமனார் பேப்பரை வீசிவிட்டு எழுந்தார். "முதல் போணி நான்தான்!" என்றவர், தன் வழுக்கையைத் தடவிப் பார்த்து, "அடச்சே, எனக்கு அங்க வேலையே இல்லையே" என்றார்.

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சொந்தமாப் பார்லர் வைக்கணும்னு உங்ககிட்ட நான் ஒரு நாளும் கேட்டதே இல்லையே, அத்தை?"

"எங்கிட்ட எங்கே கேட்டே? மாடிப்படியில நின்னு உன் சிநேகிதிகிட்டப் போன்ல பொலம்பிட்டிருந்தே. ஒட்டுக் கேட்டது தப்புதான்" என்று மாமியார் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "நாள் முழுக்க நின்னு வேலை செய்யற பொண்ணு, பாத்ரூம் போறதுக்கு அந்த முதலாளியம்மாகிட்ட அனுமதி கேக்கணுமாமே? அதான், உனக்காக நான் மாநகராட்சிகிட்டயே கேட்டு வாங்கிட்டேன்!"