பேழைப் புறா

"டெல்மர், புறாக் கூடையைக் கொண்டா! பாட்டு முடியப்போகுது."

அமெரிக்காவின் மிசூரியில், அந்த விவிலியப் பூங்காவின் நோவா இசை நாடகத்தில் ஒட்டகமும் சிங்கமும் பேழையில் ஏறிவிட்டன. வெள்ளைப் புறாவைப் பறக்கவிடுவதுதான் பாக்கி.

டெல்மர் கூடையை இறுக்கிக்கொண்டான். "இன்னிக்கு மட்டும் வேண்டாம், ரஸ்ஸல் சார்."

"ஏன்? எங்கே விட்டாலும் நேரா உன் வீட்டுக் கூண்டுலதான் போய் இறங்கும்னு நீதானே பெருமையடிச்சே?"

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

"உளறாதே. நேத்து அடிச்ச சூறாவளியில நம்ம கூடாரத்துல ஒரு ஆணிகூடக் கழலலை. அந்த நன்றிக்காவது ஒரு புறாவை விடக்கூடாதா?"

மேலாளர் ரஸ்ஸல் கூடையைப் பிடுங்கித் திறந்தார். புறா மேற்கே பறந்தது. கூட்டம் எழுந்து நின்று அல்லேலூயா பாடியது.

ஆட்டம் முடிந்ததும் டெல்மர் மனைவியை போனில் அழைத்தான்.

"யூனிஸ், நம்ம புறா லில்லி வந்துச்சா?"

"வந்துச்சு. நம்ம இடத்துக்கு மேலேயே சுத்திச் சுத்தி வருது."

"கையை நீட்டிக் கூப்பிடு."

"கூப்பிட்டுப் பார்த்துட்டேங்க. அது கூண்டைத்தானே தேடுது? வாசப்படியைத் தவிர வீடு, கூண்டு எல்லாத்தையும்தான் நேத்துக் காத்து வாரிக்கிட்டுப் போயிடுச்சே! கூடையோட உங்ககிட்ட இருந்ததால மிஞ்சினது அது ஒண்ணுதான். அதையும் ஏங்க விட்டீங்க?"

டெல்மர் காலிக் கூடையை மூடினான். யூனிஸ் மறுபடி பேசினாள்.

"இப்போ அதையும் காணோம்ங்க."

ரஸ்ஸல் வந்து முதுகில் தட்டினார்.

"பிரமாதம் டெல்மர்! நாலு மணி ஆட்டத்துக்கு இன்னொண்ணை எடுத்துட்டு வந்துடு."