இரண்டாவது உப்பு

அச்சகத்துக்காரர் இரண்டாவது முறையாக உப்பு டப்பாவைத் திறந்தார்.

முதல் தடவை போட்டது அவருக்கு நினைவில் இல்லை. நடுவில் பக்கத்து அடுப்பு லாரி டிரைவர் கேரட்டை எப்படி நறுக்குவது என்று கேட்க, இவர் போய்ப் பெரிய நிபுணர் மாதிரி ஒரு விளக்கம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்தால் கைக்கெதிரே உப்பு டப்பா. போதாதா?

டீச்சர் பார்த்துவிட்டாள்.

போட்டாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்று சொல்லக் கூடாது.

ஜன்னலோர நாற்காலியில் மேற்பார்வையாளர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

வயதுவந்தோர் கல்விப் படிப்பில் டீச்சர் பரீட்சையெல்லாம் எழுதி முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது களப்பயிற்சி. அதிலும் இதுதான் கடைசி வகுப்பு. 'தனியாக வாழும் ஆண்களுக்கு அடிப்படைச் சமையல்' என்று அவள் தலைப்பு கொடுத்தபோது கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆம்பளைகளைச் சமைக்க வைத்தால் பட்டம் என்ன, பதக்கமே தரலாம் என்றார்கள்.

மேற்பார்வையாளர் அம்மா சிரிக்கிற ரகம் இல்லை. முன்பு வந்து பார்த்தபோதெல்லாம் ஒரே குறையைத்தான் சொன்னார்.

"சாப்பாடு பிரமாதம். ஆனா சமைச்சது நீங்க. அவங்க எங்க சமைச்சாங்க?"

உண்மைதானே. எவராவது கரண்டியைக் கோணலாகப் பிடித்தால் போதும், டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. பிடுங்கித் தானே கிண்டிவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். அவளுடைய அடுப்படியில் இன்னொரு கை நுழைந்ததே கிடையாது.

இன்று கையையும் வைக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. மீறினால் களப்பயிற்சி செல்லாது, அடுத்த வருஷம் முதலிலிருந்து. வெளியூரில் ஒரு பயிற்சி நிலையம் தேறிய கையோடு வேலைக்கு வந்து சேரச் சொல்லியிருக்கிறது. அடுத்த வருஷம் வரை அது காத்திருக்குமா என்ன? இந்த வயசுல உனக்கெதுக்குப் படிப்பு என்று கேட்ட உறவுக்காரர்கள் வேண்டுமானால் காத்திருப்பார்கள், அவள் கோட்டை விடுவதைப் பார்க்க.

உப்பு சூப்பில் விழுந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, கரண்டி நிறைய.

டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

அச்சகத்துக்காரர் ரொம்ப நிதானமாகக் கிண்டினார். வகுப்பில் சேர்ந்தபோது எது உப்பு, எது சர்க்கரை என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சொல்லுவார் மனுஷர். வெங்காயம் நறுக்கச் சொன்னால் தேம்பித் தேம்பி அழுவார். மற்றவர்களைப் போல அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் கூப்பிடும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

இப்போது சிரிப்பாவது ஒன்றாவது.

கிண்டி முடித்தவர் ஒரு சொட்டு எடுத்து வாயில் விட்டார். முகம் அஷ்டகோணலாயிற்று.

வகுப்பே அப்படியே நின்றுவிட்டது. லாரி டிரைவர், முடிதிருத்துகிறவர், ஓய்வுபெற்ற தபால்காரர், எல்லோரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அச்சகத்துக்காரரும் பார்த்தார். சொல்லித் தொலையேன் என்று கெஞ்சுகிற பார்வை.

டீச்சர் சுவரைப் பார்த்தாள். சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

தண்ணீர் ஊற்றச் சொன்னார் டிரைவர். ஊற்றினால் சப்பென்று ஆகிவிடும் என்று சண்டைக்கு வந்தார் முடிதிருத்துகிறவர். தபால்காரர் பேசாமல் கொட்டிவிட்டு வேறு வைக்கலாம் என்றார்.

அச்சகத்துக்காரர் கொஞ்ச நேரம் பாத்திரத்தையே முறைத்தார். பிறகு பாதி சூப்பை வேறொரு சட்டிக்கு மாற்றினார். மீதியில் தண்ணீர் விட்டு, உருளைக்கிழங்கையும் தக்காளியையும் நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டார். ருசி பார்த்தார். எடுத்து வைத்ததிலிருந்து கொஞ்சம் சேர்த்தார். மறுபடி ருசி பார்த்தார். அதற்குப் பிறகு டீச்சர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

முதல் கிண்ணம் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு. அந்தம்மா மடமடவென்று குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு நீங்க ஒண்ணுமே செய்யலம்மா. தேறிட்டீங்க."

எல்லோரும் கரண்டியால் மூடிகளைத் தட்டிய சத்தத்தில் யார் என்ன வாழ்த்தினார்கள் என்றே டீச்சருக்குக் காதில் விழவில்லை. தேறியது சந்தோஷம்தான், இல்லாமலா? ஆனால் அந்தக் கிண்ணம் சுத்தமாகக் காலியாகியிருந்ததைப் பார்த்தபோது வந்த பெருமை இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாழாய்ப்போன கண் வேறு கலங்கியது.

கிளம்பும்போது மேற்பார்வையாளர் அம்மா அச்சகத்துக்காரரிடம் போய் நின்றார்.

"நல்லாச் சமாளிச்சீங்கய்யா. எத்தனை வருஷமா தனியா இருக்கீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கலைங்க. திங்கட்கிழமை என் வீட்டுக்காரி வெளியூருக்கு வேலைக்குப் போறா. அதுக்கப்புறந்தான்."

சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கையிலிருந்த கரண்டியாலேயே டீச்சரைக் காட்டினார்.